வெளிநாட்டில் குண்டுபோடப் பாராளுமன்றம் வாக்களிக்கும்போது: எதிர்ப்பவர்கள் எதை எதிர்க்கிறார்கள்?

ஒரு நாட்டின் பாராளுமன்றம் கூடி, இன்னொரு நாட்டின் மேல் விமானத் தாக்குதல் நடத்தலாமா என்று வாக்களிக்கிறது. இந்தச் செய்தி வரும்போதெல்லாம் யாழ்ப்பாணத்தில் அதே கேள்விகள்தான் எழுகின்றன. பாராளுமன்றம் சம்மதித்துவிட்டால் தாக்குதல் சட்டப்படி சரியாகிவிடுமா? எதிர்த்து வாக்களிப்பவர்கள் பயங்கரவாதிகளின் பக்கம் நிற்கிறார்களா? எங்கேயோ நடக்கிற வாக்கெடுப்பைப் பற்றி நாங்கள் ஏன் யோசிக்கவேண்டும்?

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமான பதில் உண்டு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கிற எங்கள் உறவினர்கள் அந்த நாடுகளின் வாக்காளர்கள். அவர்களுடைய வரிப்பணத்தில், அவர்களுடைய பெயரில் விமானங்கள் புறப்படுகின்றன. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அடிப்படையிலிருந்து தொடங்கவேண்டும். பிரித்தானியப் பாராளுமன்றம் 2015 டிசெம்பர் 2ஆம் தேதி சிரியா பற்றி எடுத்த முடிவை இங்கே முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஆதரவு, எதிர்ப்பு இரண்டின் வாதங்களும் அன்று முழுமையாக முன்வைக்கப்பட்டன.

யார் முடிவெடுக்கிறார்கள்?

பிரித்தானியாவில் படையை அனுப்பும் அதிகாரம் சட்டப்படி பிரதமரிடமும் அமைச்சரவையிடமும் இருக்கிறது. ஒரு காலத்தில் முடியாட்சிக்கு உரியதாக இருந்து, பின்னர் அரசாங்கத்தின் கைக்கு வந்த அதிகாரம் இது. பாராளுமன்றத்தைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கேட்பது ஒரு மரபு. 2003 மார்ச் 18ஆம் தேதி ஈராக் போருக்கு முன் நடந்த வாக்கெடுப்பு (ஆதரவு 412, எதிர்ப்பு 149) அந்த மரபுக்கு வழி திறந்தது.

மரபு என்பதால் அது நிலையாக நிற்பதில்லை. நடந்தவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

1. 2011, லிபியா. விமானங்கள் மார்ச் 19ஆம் தேதி தாக்கத் தொடங்கின. பாராளுமன்றம் வாக்களித்தது 21ஆம் தேதி: 557க்கு 13. தாக்குதல் தொடங்கி இரண்டு நாள் கழித்துக் கிடைத்த சம்மதம் அது.

2. 2013, சிரியா. டமாஸ்கஸ் புறநகரில் இரசாயன ஆயுதத் தாக்குதல் நடந்த பின்னர், பதிலடி கொடுக்கப் பிரதமர் டேவிட் கமரூன் அனுமதி கேட்டார். ஓகஸ்ட் 29ஆம் தேதி 285க்கு 272 என்ற கணக்கில் பிரேரணை தோற்றது. அவர் அந்த முடிவை ஏற்றுக்கொண்டார்.

3. 2014, ஈராக். ஈராக்கிலும் சிரியாவிலும் பெரும் பகுதிகளைப் பிடித்திருந்த ஐ.எஸ். என்ற ஆயுத அமைப்புக்கு எதிராக ஈராக்குக்குள் மட்டும் தாக்க, செப்டெம்பரில் 524க்கு 43 என்று அனுமதி கிடைத்தது. ஈராக் அரசே உதவி கேட்டிருந்தது.

4. 2015, சிரியா. அதே ஐ.எஸ்., எல்லைக்கு அந்தப் பக்கம். ஆதரவு 397, எதிர்ப்பு 223.

5. 2018, சிரியா. அப்போதைய பிரதமர் தெரேசா மே பாராளுமன்றத்தைக் கேட்காமலே ஏப்ரல் மாதம் தாக்கினார்.

6. 2024 ஜனவரி, யேமன். அப்போதைய பிரதமர் ரிஷி சுனக்கும் கேட்கவில்லை. தாக்குதல் முடிந்த பிறகு சபைக்கு வந்து அறிக்கை வாசித்தார்.

இதிலிருந்து எனக்குப் படுவது இது: தோற்கலாம் என்ற நிலை வந்ததும் கேட்கிற பழக்கம் தளரத் தொடங்கியது. ஒரு பிரதமரைத் தடுத்து நிறுத்தியது 2013 வாக்கெடுப்பு ஒன்றுதான். தடுக்கக்கூடிய ஒன்று என்பதால்தான் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

மற்ற நாடுகளில் ஏற்பாடு வேறு. ஜேர்மனியில் படையை வெளியே அனுப்ப முன்கூட்டியே பாராளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்று 1994இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரான்சில் மூன்று நாளுக்குள் அறிவித்தால் போதும், நான்கு மாதம் தாண்டினால் ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவில் 1973இன் சட்டம் 48 மணி நேரத்தில் அறிவிக்கவும், காங்கிரஸின் அனுமதி இல்லாவிட்டால் 60 நாளில் நிறுத்தவும் சொல்கிறது. ஜனாதிபதிகள் அதைச் சுற்றிப்போக வழி கண்டுபிடித்தே வந்திருக்கிறார்கள். எங்களுக்குச் சமாதானப் பேச்சின் அனுசரணையாளராகத் தெரிந்த நோர்வே, 2011இல் லிபியாவின் மேல் 588 குண்டுகள் போட்டது. புறப்படுவதற்கு முன் பாராளுமன்றத்தில் முறையான வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை.

இலங்கையின் நிலை என்ன? 1978 அரசியலமைப்பின் 33ஆவது உறுப்புரை போரையும் சமாதானத்தையும் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை ஜனாதிபதியிடம் கொடுக்கிறது. 2024 ஜனவரியில் செங்கடலுக்குக் கடற்படைக் கப்பல் அனுப்பப்போவதாக அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தபோது, இரண்டு வாரத்துக்கு 25 கோடி ரூபா செலவாகும் என்று அவரே சொன்னார். பொருளாதாரம் விழுந்து இன்னும் எழும்பாத நேரம் அது. பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்தி எடுத்த முடிவல்ல.

உள்நாட்டு ஒப்புதலும் சர்வதேசச் சட்டமும்

குழப்பம் அதிகமாக இருக்கும் இடம் இது. பாராளுமன்றத்தின் சம்மதம் ஒரு அரசாங்கத்துக்குத் தன் சொந்த மக்களிடம் கிடைக்கிற அனுமதி. குண்டு விழப்போகும் நாட்டைப் பொறுத்தவரை அதற்குச் சட்டப் பெறுமதி இல்லை. அங்கே பேசுவது ஐ.நா. சாசனம். சாசனத்தின் 2(4) உறுப்புரை இன்னொரு நாட்டுக்கு எதிராகப் பலத்தைப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. விதிவிலக்கு இரண்டு:

1. பாதுகாப்புச் சபை சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் அதிகாரம் கொடுப்பது.

2. 51ஆவது உறுப்புரையின்படி தற்காப்பு. தாக்கப்பட்ட நாடு கேட்டால் இன்னொரு நாடு துணைக்கு வருவதும் இதற்குள் அடங்கும். அதைக் கூட்டுத் தற்காப்பு என்பார்கள்.

இவற்றோடு, அந்த நாட்டு அரசே அழைத்தால் பிரச்சினை இல்லை. 2014இல் ஈராக் அழைத்தது. சிரிய அரசு பிரித்தானியாவை அழைக்கவில்லை. ஆகவே 2015இல் கமரூன் அரசு இரண்டு விடயங்களைத் துணைக்கு எடுத்தது. ஒன்று, ஈராக்கின் கூட்டுத் தற்காப்பு. மற்றது, ஐ.எஸ். நடத்திய பாரிஸ் தாக்குதலில் 130 பேர் கொல்லப்பட்ட பிறகு, நவம்பர் 20ஆம் தேதி பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 2249ஆம் இலக்கத் தீர்மானம். அந்தத் தீர்மானம் "தேவையான எல்லா நடவடிக்கைகளையும்" எடுக்கும்படி நாடுகளைக் கேட்டது. ஆனால் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் அது நிறைவேற்றப்படவில்லை. பலத்தைப் பயன்படுத்த அதிகாரம் அளிப்பதாகவும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அரசியல் ரீதியாக ஆதரவு தெரிவித்துவிட்டு, சட்டக் கேள்வியை அப்படியே விட்டுவைத்தது. சட்ட அறிஞர்கள் இதைப் பற்றி இன்னும் வாதிடுகிறார்கள்.

சரி, சட்டம் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருந்தால் எதிர்ப்பு அடங்கிவிடுமா? அடங்காது, அடங்கவும் கூடாது என்பதே என் கருத்து. 2011இல் லிபியாவுக்குப் பாதுகாப்புச் சபையின் நேரடி அதிகாரம் இருந்தது. அதன் முடிவைக் கீழே பார்ப்போம்.

டிசெம்பர் 2ஆம் தேதி எதிர்த்தவர்கள் சொன்னது

விவாதம் பத்து மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் தலைவர் ஜெரமி கோர்பின் எதிர்த்தார். ஆனால் கட்சிக் கட்டளை போடாமல், உறுப்பினர்கள் மனச்சாட்சிப்படி வாக்களிக்க விட்டார். அவருடைய நிழல் வெளிவிவகார அமைச்சர் (எதிர்க்கட்சியில் அந்தத் துறையைக் கவனிப்பவர்) ஹிலரி பென்னே தாக்குதலை ஆதரித்துப் பேசினார். தொழிற்கட்சியில் 66 பேர் அரசாங்கத்தோடு வாக்களித்தார்கள். ஆளும் கட்சியில் 7 பேர் எதிர்த்தார்கள். தொழிற்கட்சி பிளந்துவிட்டதென்று பத்திரிகைகள் எழுதின. ஒரு போர் முடிவில் கட்சிகள் இப்படிப் பிளப்பதை நான் நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன்.

எதிர்த்தவர்களின் கேள்விகளில் கனமானது, தரையில் யார் என்பது. விமானம் ஒரு ஊரை அழிக்கலாம், ஊரைப் பிடித்து வைத்திருக்க முடியாது. ஐ.எஸ். விரட்டப்பட்ட இடத்தை யார் பொறுப்பேற்பது? சிரியாவில் சுமார் 70,000 மிதவாதப் போராளிகள் இருக்கிறார்கள் என்று கமரூன் பதில் சொன்னார். அவர்கள் ஒரே படையா, யாருடைய கட்டளையில் இருக்கிறார்கள், ஐ.எஸ். இருக்கிற பகுதிக்குப் பக்கத்திலாவது இருக்கிறார்களா, சிரிய ஜனாதிபதி அசாத்தோடு போரிடுவதை விட்டுவிட்டு ஐ.எஸ்.ஐ நோக்கித் திரும்புவார்களா என்று உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திருப்தியான பதில் வரவில்லை. பாராளுமன்றத்தின் வெளிவிவகாரக் குழுவும் நவம்பர் தொடக்கத்தில், ஒத்திசைவான சர்வதேசத் திட்டம் இல்லாமல் சிரியாவுக்குத் தாக்குதலை விரிவாக்கக் கூடாது என்று எழுதியிருந்தது.

வாக்கெடுப்புக்கு முதல் நாள் இரவு கமரூன் தன் கட்சி உறுப்பினர்களிடம், கோர்பினோடும் "பயங்கரவாத அனுதாபிகளோடும்" சேர்ந்து வாக்களிக்கவேண்டாம் என்று சொன்னதாகச் செய்தி வெளியானது. மறுநாள் சபையில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். ஆதரித்தாலும் எதிர்த்தாலும் அதில் கௌரவம் உண்டு என்று மட்டும் சொன்னார், மன்னிப்புக் கேட்கவில்லை. போரைக் கேள்வி கேட்பவரை எதிரியின் ஆளாகச் சித்திரிப்பது எங்களுக்குப் புதிய விடயமே இல்லை. போர்க்காலத்தின் பெரும்பகுதியில், அவசரகாலச் சட்டத்தை நீடிக்கும் பிரேரணை மாதாமாதம் கொழும்புப் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிர்த்துக் கையுயர்த்திய தமிழ் உறுப்பினர்களுக்குக் கிடைத்த பட்டமும் அதுதான். 2011 ஓகஸ்டில்தான் அந்தச் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

வாக்கெடுப்பு முடிந்த சில மணி நேரத்திலேயே சைப்பிரஸின் அக்ரோத்திரித் தளத்திலிருந்து டொர்னாடோ விமானங்கள் புறப்பட்டு, கிழக்குச் சிரியாவில் ஓமர் எண்ணெய் வயலைத் தாக்கின.

துல்லியம் என்றால் என்ன?

ஆதரிப்பவர்கள் அதிகம் சொல்லும் வாதம் ஆயுதத்தின் துல்லியம். லேசர் வழிகாட்டும் ஏவுகணை, செய்மதி வழிகாட்டும் குண்டு. இவை குறி தவறுவது அரிது என்பது உண்மைதான். 1990களில் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்த பொம்மர்களோடு ஒப்பிட்டால் தொழில்நுட்பம் வெகுதூரம் போய்விட்டது.

ஆனால் துல்லியம் சொல்வது ஒரு விடயத்தை மட்டும்: குறித்த இடத்தில் குண்டு விழும். அந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைக் குண்டு அறியாது. அதை மேலேயிருந்து பார்க்கும் கமராவும், தரையிலிருந்து வரும் தகவலும், அவற்றை வாசிக்கும் மனிதரும்தான் சொல்லவேண்டும். கூரைக்குக் கீழே இருப்பதைக் கமரா காட்டாது.

2017 மார்ச் 17ஆம் தேதி ஈராக்கின் மோசூல் நகரத்தின் மேற்குப் பகுதியில் நடந்ததைப் பார்க்கலாம். ஒரு கட்டடத்தில் ஐ.எஸ். குறிசுடுநர் இருவர். அவர்களைக் கொல்ல அமெரிக்க விமானம் ஒரேயொரு துல்லியக் குண்டைப் போட்டது. குண்டு குறித்த இடத்திலேயே விழுந்தது. கட்டடம் முழுவதும் இடிந்தது. அமெரிக்கப் படையின் சொந்த விசாரணையின்படியே குறைந்தது 105 பொதுமக்கள் இறந்தார்கள். ஐ.எஸ். உள்ளே வைத்திருந்த வெடிமருந்தும் சேர்ந்து வெடித்ததே காரணம் என்று விசாரணை சொன்னது. கீழே மக்கள் ஒதுங்கியிருந்தது தங்களுக்குத் தெரியாது என்றும் சொன்னது.

ஏன் அத்தனை பேர் ஒரே கட்டடத்தில்? இந்தக் கேள்வியை இலண்டனிலோ வொஷிங்டனிலோ இருப்பவருக்கு விளக்கவேண்டியிருக்கும். இங்கே விளக்கத் தேவையில்லை. ஷெல்லும் விமானமும் வரும்போது ஆட்கள் உறுதியான சுவரைத் தேடி ஓடுவார்கள். கல்வீடு, பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம். 1995 ஜூலை 9ஆம் தேதி இலங்கை இராணுவத்தின் "முன்னேறிப் பாய்தல்" நடவடிக்கை தொடங்கிய அன்று, இடம்பெயர்ந்து வந்தவர்கள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அருகே சின்னக் கதிர்காம முருகன் ஆலயத்திலும் தங்கியிருந்தார்கள். வழிபாட்டிடங்களுக்குப் போகும்படி துண்டுப்பிரசுரமும் போடப்பட்டிருந்தது. அந்த இடத்திலேயே விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 22ஆம் தேதி நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில் குண்டு விழுந்தபோது இறந்தவர்களில் பலர் மாணவர்கள்.

நவாலியையும் மோசூலையும் ஒன்றென்று சொல்லவில்லை. யார் தாக்கினார்கள், ஏன், எந்த ஆயுதத்தால் என்பவை எல்லாம் வேறு. ஒரு விடயம் மட்டும் பொது. குண்டுவீச்சு நடக்கும்போது பொதுமக்கள் பரந்து இருப்பதில்லை, குவிந்து இருப்பார்கள். பாதுகாப்பு என்று நம்பிய இடத்தில் குவிவார்கள். ஆகவே ஒரேயொரு தவறான தகவல் ஒருவரையோ இருவரையோ அல்ல, நூறு பேரைக் கொல்கிறது. "பொதுமக்கள் இழப்பு மிகக் குறைவாக இருக்கும்" என்று ஒரு அமைச்சர் வாக்குறுதி கொடுக்கும்போது, மக்கள் இப்படிக் குவிவதைக் கணக்கில் எடுத்தாரா என்பதுதான் அவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

ஒருவர் என்ற கணக்கு

2014 முதல் ஈராக்கிலும் சிரியாவிலும் பிரித்தானிய விமானங்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்ட குண்டுகளையும் ஏவுகணைகளையும் பயன்படுத்தின. அவற்றால் இறந்த பொதுமக்கள் என்று பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு பகிரங்கமாக ஒப்புக்கொண்டது ஒருவரை. 2018 மார்ச் 26ஆம் தேதி கிழக்குச் சிரியாவில் ஒரு ரீப்பர் ஆளில்லா விமானம் ஏவிய ஏவுகணையின் பாதைக்குள், கடைசி நொடியில் மோட்டார் சைக்கிளில் வந்தவர் அவர். அது கமராவில் பதிவாகியிருந்தது.

அமெரிக்கா தலைமையிலான கூட்டணி மொத்தமாக 1,400க்கு மேற்பட்ட பொதுமக்களின் மரணத்தை ஒப்புக்கொண்டிருக்கிறது. விமானத் தாக்குதல்களில் இறக்கும் பொதுமக்களைக் கணக்கெடுக்கும் எயார்வோர்ஸ் அமைப்பு, சர்வதேச மன்னிப்புச் சபை இரண்டும் சேர்ந்து செய்த ஆய்வு 2017இல் சிரியாவின் ரக்கா என்ற ஒரு நகரத்தில் மட்டும் 1,600க்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டதாகச் சொன்னது.

இந்த இடைவெளி எப்படி வருகிறது? கமராவில் தெரிந்த மரணம் எண்ணப்படுகிறது. கட்டடத்துக்குள் நடந்த மரணத்தை எண்ண, தரையில் இறங்கி இடிபாட்டைக் கிளறி, தப்பியவர்களிடம் பேசவேண்டும். குண்டுபோட்ட படை பெரும்பாலும் அங்கே போவதில்லை. சான்று இல்லை என்பது நாளடைவில் மரணமே இல்லை என்று வாசிக்கப்படுகிறது. அடுத்த வாக்கெடுப்பு வரும்போது, "சென்ற முறை ஒருவர்தான்" என்பது ஒரு வாதமாகச் சபைக்குள் வருகிறது. தாக்குதலை எதிர்ப்பவர்கள் எண்ணிக்கையைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

தாக்குதலை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம்

நேர்மையாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. 2014இல் ஐ.எஸ். வட ஈராக்கின் சிஞ்சாரில் யசீதி என்ற சிறுபான்மை மக்களைக் கொன்றது, பெண்களை அடிமைகளாக விற்றது. வட சிரியாவின் கொபானி நகரம் ஏறக்குறைய அவர்களிடம் விழுந்திருந்தது. அமெரிக்க விமானத் தாக்குதல் இல்லாவிட்டால் கொபானி தப்பியிருக்காது. சும்மா இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை, யாரும் வராத 2009ஐப் பார்த்த மக்கள் மறுக்கமுடியாது.

கொபானியில் வேறுபட்டது என்ன? தரையில் அந்த ஊரவரே ஆன குர்திஷ் படை நின்றது. எந்தத் தெருவில் யார் என்று அவர்களுக்குத் தெரியும். பொதுமக்களில் பெரும்பாலோர் எல்லை தாண்டித் துருக்கிக்குப் போயிருந்தார்கள். நோக்கம் ஒரு நகரத்தைக் காப்பாற்றுவது, அவ்வளவுதான். இந்த மூன்றும் 70,000 பேர் என்ற வாதத்தில் இருக்கவில்லை. எல்லாத் தாக்குதலையும் ஒரே தராசில் போடாமல், முன்னால் இருக்கும் பிரேரணையைப் பிரித்துப் பார்ப்பதே எதிர்ப்பவரின் வேலை.

தொடங்கிய நோக்கமும் முடிந்த இடமும்

லிபியாவில் பாதுகாப்புச் சபையின் 1973ஆம் இலக்கத் தீர்மானம் பொதுமக்களைப் பாதுகாக்கச் சொன்னது. ஒக்டோபரில் கடாபி கொல்லப்பட்டார். அதற்குப் பின் நாடு ஆயுதக் குழுக்களுக்கிடையில் துண்டுபட்டது. 2016 செப்டெம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் வெளிவிவகாரக் குழு, மக்களைப் பாதுகாப்பது என்று தொடங்கியது ஆட்சிமாற்றமாக நழுவிவிட்டது என்றும், சரியான உளவுத் தகவலின் அடிப்படையில் முடிவு எடுக்கப்படவில்லை என்றும் எழுதியது. 557 பேர் ஆதரித்த முடிவு அது.

யாழ்ப்பாணத்துக்கு இதே நழுவல் நேரில் தெரியும். 1987 ஜூன் 4ஆம் தேதி ஐந்து இந்திய ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு வந்து, 25 தொன் நிவாரணப் பொருட்களைப் போட்டன. வடமராட்சி நடவடிக்கையில் நொந்திருந்த சனம் மகிழ்ந்தது. ஜூலையில் ஒப்பந்தம், பிறகு அமைதிப்படை, ஒக்டோபரில் போர். அந்த ஒக்டோபர் 21ஆம் தேதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முதல் நாளின் நோக்கத்தை வைத்து ஐந்தாம் மாதத்தைக் கணிக்கமுடியவில்லை. எனவே ஒரு பிரேரணையில் எல்லை, காலம், முடிவுக்கான நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்பது சட்ட நுணுக்கம் பிடித்த பேச்சல்ல.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் செய்யக்கூடியது

1. வாக்குரிமை. பிரித்தானியாவில் முறையான வதிவிட அனுமதியோடு இருக்கும் இலங்கைக் குடிமக்கள், பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில், பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாமலே பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். வாக்காளராகப் பதிந்திருக்கவேண்டும். பலருக்கு இது தெரியாது. கனடாவிலும் நோர்வேயிலும் பொதுத்தேர்தலுக்குக் குடியுரிமை வேண்டும்.

2. கடிதம். பிரித்தானிய உறுப்பினர்கள் தங்கள் தொகுதி மக்களுக்கே பதில் எழுதுவது வழக்கம். எனவே முகவரியும் அஞ்சல் குறியீடும் கடிதத்தில் இருக்கவேண்டும். சொந்தச் சொல்லில் எழுதிய நாலு வரி, எல்லோரும் ஒரே மாதிரி அனுப்பும் மின்னஞ்சலைவிடக் கவனம் பெறும்.

3. கேள்வி. "போர் வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல், பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வியைக் கேட்கலாம். தரையில் யார்? எந்தச் சட்ட அடிப்படை? மரணங்களை யார், எப்படி விசாரிப்பார்கள்? எப்போது நிற்கும்?

4. தோற்ற பிறகு. வாக்கெடுப்பு முடிந்தாலும் எழுத்துமூலக் கேள்விகளும் குழு விசாரணைகளும் தொடரும். கனடாவில் 2014 ஒக்டோபரில் ஈராக்குக்கு விமானம் அனுப்பும் பிரேரணை 157க்கு 134 என்று வென்றது. 2015 மார்ச்சில் அது சிரியாவுக்கும் நீண்டது. எதிர்த்தவர்கள் விடயத்தை விடவில்லை. அதே ஆண்டு ஒக்டோபர் தேர்தலில், போர் விமானங்களைத் திருப்பி எடுப்போம் என்று வாக்குறுதி கொடுத்த லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தது. தரையில் பயிற்சி கொடுக்கும் படையினரின் எண்ணிக்கை கூட்டப்பட்டது, ஆனால் கனேடிய சி.எப்.-18 விமானங்களின் குண்டுவீச்சு 2016 பெப்ரவரியில் நின்றது.